அழகர்மலை அடிவாரத்தில் இரண்டு இரவு: ரிசார்ட்டில் கட்டுப்படியாகும் விலைக்கு ஒயின் கிடைக்க என்ன வழி?

தெப்பக்குளம்_மீனா

வணக்கம். அக்டோபர் முதல் வாரத்தில் எங்கள் திருமண நாள் வருகிறது, பத்து வருடம் முடிகிறது. அழகர்மலை அடிவாரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் 1ஆம் தேதி மாலை போய் 3ஆம் தேதி காலை திரும்புகிற மாதிரி அறை பேசி, முன்பணமும் கட்டிவிட்டோம். பிள்ளைகளை அத்தை பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒயின் பிடிக்கும். சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு கிளாஸ், அதற்கு மேல் போவதில்லை. வேறு மது எதுவும் தொடுவதில்லை. ரிசார்ட்டில் பார் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் மெனு கார்டு அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். இந்திய ஒயின் ஒரு கிளாஸ் 750 ரூபாய். அதே ஒயின் முழு பாட்டில் 3,200. வெளிநாட்டு ஒயின் 6,500-க்குக் கீழே எதுவும் இல்லை. வரி தனி என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு இரவுக்கும் சேர்த்து மூவாயிரம், மிஞ்சிப்போனால் மூவாயிரத்து ஐந்நூறு என்று கணக்குப் போட்டிருந்தோம். வெளியில் வாங்கிக்கொண்டு போகலாமா? போனால் ரிசார்ட்டில் என்ன சொல்வார்கள்? எந்த மாதிரி ஒயின் எங்களுக்குச் சரியாக வரும்? காரத்துக்குப் பழகிய நாக்கு எங்களுடையது. புரட்டாசி விரதம் எங்கள் வீட்டில் கிடையாது, அதனால் கறி, மீன் எல்லாம் உண்டு. தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கோச்சடை_ரவி

டாஸ்மாக் எலைட் கடையில் வாங்கிப் பையில் வைத்து எடுத்துப் போங்கள் அக்கா. அறைக்குள் வந்து யார் பார்க்கப் போகிறார்கள்? அதே இந்திய ஒயின் ரிசார்ட் சொல்லும் விலையில் பாதிக்கும் கீழேதான் இருக்கும்.

பழைய_பார்_மேலாளர்

ரவி தம்பி சொல்வதில் பாதி சரி. நான் நட்சத்திர விடுதிகளில் பாரையும் ரெஸ்டாரண்டையும் பார்த்துக்கொண்டவன். அந்த 750 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பதும் புரியும்.

தமிழ்நாட்டில் விடுதி பாருக்கு எஃப்.எல்.3 உரிமம் வேண்டும். அந்த உரிமம் வைத்திருப்பவர் சரக்கை டாஸ்மாக் கிடங்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒயின் கம்பெனியிடம் நேரடியாக வாங்கி விலை குறைக்க வழியில்லை. ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் உண்டு. இதெல்லாம் பீருக்கும் விஸ்கிக்கும் பொருந்தும். ஒயினுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. மதுரைப் பக்கம் ஒயின் மெதுவாகத்தான் போகும். ஒரு கிளாஸ் ஊற்றுவதற்காகத் திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில் இருந்தாலும் மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாள்தான் தாங்கும். அடுத்த கிளாஸ் கேட்டு ஆள் வரவில்லை என்றால் மிச்சம் சாக்கடைக்குப் போகும். அதனால்தான் ஒரு கிளாஸ் விற்றாலே பாட்டிலின் கொள்முதல் விலை கைக்கு வந்துவிடும் அளவுக்குக் கிளாஸ் விலையை வைப்பார்கள். எல்லா ஊர் விடுதிகளிலும் இதே கணக்குதான்.

அதனால் கிளாஸ் கணக்கில் வாங்குவது இரண்டு விதத்தில் நஷ்டம். விலையும் கூடுதல், பாட்டில் எப்போது திறந்தது என்றும் தெரியாது. ஒரு பாட்டில் 750 மி.லி. கிளாஸுக்கு 150 மி.லி. ஊற்றினால் ஐந்து கிளாஸ். 120 மி.லி. ஊற்றும் இடமும் உண்டு, அப்போது ஒரு பாட்டிலில் ஆறு கிளாஸ் வரும். நீங்கள் இரண்டு பேர், இரண்டு இரவு, ஆளுக்கு ஒன்று என்றால் நான்கு கிளாஸ், 3,000 ரூபாய். பாட்டில் 3,200. இருநூறு ரூபாய் கூடக் கொடுத்தால் ஐந்தாவது கிளாஸும் வந்துவிடும், உங்கள் கண் முன்னால் திறந்த பாட்டில் என்ற நிம்மதியும் கிடைக்கும். அவர்கள் ஊற்றுவது 120 என்றால் பாட்டில்தான் நியாயம், யோசிக்கவே வேண்டாம். ஆறு கிளாஸுக்கு 4,500 ஆகிவிடும்.

முதல் நாள் மீதியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். மூடி, அறை எண் எழுதி, பார் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். எல்லா நல்ல விடுதியிலும் செய்வார்கள். இதைக் கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம், நாங்கள் வேலை பார்த்த இடத்தில் இது தினசரி நடக்கிற விஷயம்.

இன்னொன்று. கார்டில் இருப்பதிலேயே மலிவான ஒயினில்தான் பெரும்பாலும் விலையைப் பல மடங்கு ஏற்றி வைத்திருப்பார்கள். பெயர் தெரியாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் கேட்பார்கள் என்று தெரியும். அதற்கு ஒன்றிரண்டு படி மேலே இருப்பதில் கொடுக்கிற காசுக்குச் சரக்கு இருக்கும்.

தெப்பக்குளம்_மீனா

ரொம்ப நன்றி அண்ணே. கிளாஸ் அளவைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்கிறேன். வெளியில் வாங்கி எடுத்துப் போவதைப் பற்றி ரவி சொன்னதில் எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தப்பு?

பழைய_பார்_மேலாளர்

வாங்குவதில் தப்பே இல்லை. 21 வயது நிறைந்தவர், பில்லோடு, தமிழ்நாட்டில் விற்ற பாட்டில், இரண்டு பாட்டில் அளவு. இதில் யாரும் எதுவும் சொல்ல முடியாது. புதுச்சேரியிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ எடுத்து வந்ததாக இருந்தால் பிரச்சினை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரிசார்ட் வாசலில் நிற்காதீர்கள்.

மறைத்து எடுத்துப் போவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். உரிமம் உள்ள விடுதியில் வெளிச்சரக்கை ரெஸ்டாரண்டிலும் நீச்சல் குளத்தருகிலும் அநேகமாக விட மாட்டார்கள். அறைக்குள் என்றால் இடத்துக்கு இடம் மாறும். சிலர் ஒன்றும் சொல்வதில்லை, சிலர் கார்க்கேஜ் என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு கிளாஸும் ஐஸும் கொடுப்பார்கள், சிலர் வேண்டவே வேண்டாம் என்பார்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டால் நிம்மதியாகக் கொண்டாடலாம். திருமண நாளில் ரூம் பாய் கதவைத் தட்டும்போதெல்லாம் பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருப்பது யாருக்கு வேண்டும்?

வைகை_வடகரை

எனக்கு இந்த விளக்கம் எதுவும் மனதுக்கு ஒப்பவில்லை. பாட்டிலில் எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் அது அதிகம்தானே? தண்ணீர் பாட்டிலுக்கே கடைக்காரரிடம் சண்டை போடுகிறோம். ரிசார்ட் என்றால் மட்டும் வாயை மூடிக்கொண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டுமா? நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய விஷயம் இது.

பழைய_பார்_மேலாளர்

சார், இது 2017 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றத்தில் முடிந்துபோன விஷயம். விடுதி, உணவக சங்கங்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், விடுதிகள் தண்ணீர் பாட்டிலை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றது சட்டப்படி குற்றம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. அங்கே பொருளை மட்டும் விற்பதில்லை. இடம், பரிமாறும் ஆள், மேசை எல்லாம் சேர்ந்த சேவை என்பது காரணம். அந்தப் பக்கம் போனால் நேரம்தான் வீண்.

ஆனால் பில்லில் கேள்வி கேட்க வேண்டிய இடங்கள் உண்டு. மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில வாட் வரிதான். சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. இரண்டையும் ஒரே வரியில் கூட்டி, மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். சர்வீஸ் சார்ஜ் என்று தானாகவே ஒரு சதவீதம் ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்தது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பரிமாறிய பையனுக்குக் கையில் கொடுப்பது வேறு. அதைத் தாராளமாகக் கொடுங்கள்.

வைகை_வடகரை

தீர்ப்பைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. சட்டம் அனுமதிக்கிறது என்பதால் நியாயம் ஆகிவிடாது என்பது என் எண்ணம். ஒரு மாவட்டத்துக்காரன் தன் ஊர் ரிசார்ட்டில் மனைவியோடு ஒரு பாட்டில் ஒயின் குடிக்க இரண்டு நாள் கூலியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து மாவட்டத்தில் திராட்சை கொட்டிக் கிடக்கிறது. அதை நினைத்தால்தான் வருத்தம்.

காமயகவுண்டன்பட்டி_தோட்டம்

பக்கத்து மாவட்டம் என்று சொன்னதால் எழுதுகிறேன். நான் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போட்டிருக்கிறவன்.

எங்கள் பக்கம் விளைவது பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் ரகம். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்பார்கள். முல்லைப் பெரியாறு தண்ணீரும் மலைக்காற்றும் சேர்ந்து இங்கே மட்டும் வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை இருக்கும். நாசிக் பக்கம் ஒயின் திராட்சைக்கு வருடத்தில் ஒரே அறுவடை, தை மாசிப் பருவத்தில். எங்களுக்குக் கவாத்து செய்வதைப் பொறுத்து இரண்டு, மூன்று முறை எடுக்கலாம். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இது சாப்பிடுகிற பழம், சாறு பிழிகிற பழம். இதிலிருந்தும் ஒயின் வரும், மணம் அருமையாக இருக்கும். ஆனால் நீங்கள் ரிசார்ட் கார்டில் பார்க்கிற ஷிராஸ், கேபர்நே, செனின் பிளாங்க் எல்லாம் வேறு ரகம். அவை மகாராஷ்டிராவிலும் கர்நாடகாவிலும்தான் பெரிய அளவில் போட்டிருக்கிறார்கள். ஓடைப்பட்டிப் பக்கம் ஒயின் ஆலை ஒன்று வந்தது. ஆனால் பள்ளத்தாக்கு முழுவதன் பழத்துக்கும் அது போதாது. மழைக்காலத்தில் பழம் வெடித்துவிட்டால் வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்பார். அப்போது கொடுக்க ஒரு இடம் வேண்டும், அரசே ஒயின் தொழிற்சாலை வைக்க வேண்டும் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம்.

கம்பம், கொடைக்கானல் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லேபிள் இல்லாத பாட்டிலில் வீட்டு ஒயின் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் காய்ச்சி விற்பது குற்றம், உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்பதும் தெரியாது. சுருளிப்பட்டிப் பக்கம் தோட்டத்துக்குள்ளேயே கூட்டிப் போய்க் காட்டுவார்கள். கொடியிலிருந்து பறித்த பழமும் அப்போதே பிழிந்த சாறும் கிடைக்கும். அதைச் சாப்பிட்டுப் பாருங்கள், மதுரையிலிருந்து வந்த தூரம் மறந்துபோகும்.

அண்ணாநகர்_சுபா

மீனா, எந்த ஒயின் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நானும் காரம் சாப்பிடுகிறவள்தான்.

மிளகாய்க் காரத்தோடு துவர்ப்பு அதிகமான சிவப்பு ஒயினைக் குடித்தால் வாய் இன்னும் எரியும். ஆல்கஹால் கூடுதலாக இருந்தாலும் அப்படித்தான். லேசான இனிப்பு இருந்தால் எரிச்சல் அடங்கும். அதனால் நம் சாப்பாட்டுக்கு முதலில் தேட வேண்டியது செனின் பிளாங்க். சூலா, ஃப்ராடெல்லி, குரோவர் ஜம்பா மாதிரி இந்திய நிறுவனங்களின் வெள்ளை ஒயின்களைப் பாருங்கள். சூலாவின் செனின் பிளாங்க்கில் மெல்லிய இனிப்பு இருக்கும். மீன் வறுவல், இறால் தொக்கு, நாட்டுக்கோழிச் சாறு எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். அது இல்லை என்றால் ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின். உங்கள் வீட்டுக்காரருக்குச் சிவப்புதான் வேண்டும் என்றால் ஷிராஸ். மிளகு வாடை இருக்கும் ஒயின் அது, மிளகு போட்டுப் பிரட்டிய மட்டன் சுக்காவுக்கு நன்றாக இருக்கும். கோலா உருண்டைக்கும் சரி. அயிரை மீன் குழம்புக்கு மட்டும் எந்த ஒயினும் வேண்டாம் என்பேன். அந்தப் புளிப்புக்கும் காரத்துக்கும் முன்னால் ஒயின் நிற்காது, குழம்பின் ருசியையும் கெடுக்கும். அயிரை மீனுக்குச் சோறுதான்.

கடையில் போர்ட் என்ற பெயரில் விலை குறைந்த பாட்டில்கள் நிறைய இருக்கும். இனிப்பும் போதையும் தூக்கலாக இருக்கும், சாப்பாட்டோடு குடிக்கிற ஒயின் அது இல்லை. விலையைப் பார்த்து அதை எடுத்துவிடாதீர்கள்.

லேபிளில் அறுவடை ஆண்டு போட்டிருந்தால் வெள்ளைக்கும் ரோஸேக்கும் மிகப் புதியதையே எடுங்கள். இந்த விலையில் வருகிற ஒயின் பழசாகப் பழசாக ருசி கூடாது, மங்கும். பாட்டில் எங்கே இருந்தது என்பதையும் பாருங்கள். ஜன்னலோரம் வெயில் படுகிற இடத்தில் நிற்கிற பாட்டில் வேண்டாம். கார்க் வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் சூடுபட்டது என்று அர்த்தம். வாங்கிய பிறகு நீங்களும் காருக்குள் வைத்துவிட்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்விடாதீர்கள். மூடிய கார் மதுரை வெயிலில் அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். கடைசியாக வாங்கி நேராக ரிசார்ட்டுக்குப் போங்கள்.

அப்புறம், சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். அது 16, 18 டிகிரி இருக்கிற ஊர் அறை. நம் அறை 30 டிகிரி. சிவப்பையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் குடியுங்கள். வெள்ளையை இன்னும் நன்றாகக் குளிர வைக்க வேண்டும். அறை ஃபிரிட்ஜ் சரியாகக் குளிராது என்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் கேளுங்கள். வெறும் ஐஸை விடத் தண்ணீர் கலந்தால் சீக்கிரம் குளிரும், இருபது நிமிடம் போதும்.

தெப்பக்குளம்_மீனா

சுபா அக்கா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்! அயிரை மீனைப் பற்றி நீங்கள் சொன்னதை அவரிடம் படித்துக் காட்டினேன், உடனே ஒத்துக்கொண்டார். எனக்கு ஒரு தயக்கம். எலைட் கடைக்கு நான் தனியாகப் போகலாமா? அவர் சனிக்கிழமைதான் ஊருக்கு வருகிறார்.

அண்ணாநகர்_சுபா

போகலாம். எலைட் கடை மற்ற கடை மாதிரி கம்பிக்குப் பின்னால் நின்று கை நீட்டுகிற இடம் இல்லை. ஏ.சி. போட்டு, அலமாரியிலிருந்து நாமே எடுத்துப் பார்த்து, பில் போட்டு வாங்கலாம். நண்பகல் 12 மணிக்குத் திறப்பார்கள். திறந்த உடனே போனால் கூட்டம் இருக்காது. நான் அப்படித்தான் போகிறேன். முதல் முறை என் நாத்தனாரைத் துணைக்குக் கூட்டிப் போனேன், அதற்கப்புறம் தேவைப்படவில்லை. எந்த பிராண்ட் இருக்கும் என்பது மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும், அதனால் மனதில் இரண்டு மூன்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டு_வளவு

காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டில் சில அறைகளை வாடகைக்கு விடுகிறோம். எங்களைப் போன்ற இடங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், தேடி வருகிறவர்களுக்குப் பயன்படும். எங்களுக்கு பார் உரிமம் கிடையாது. அதனால் ஒரு சொட்டுக்கூட விற்க மாட்டோம், வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பவும் மாட்டோம். விருந்தாளி தானே வாங்கி வந்து தன் அறைக்குள் அளவாகக் குடித்தால் தடுப்பதில்லை. வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில் வேண்டாம் என்று மட்டும் அறை கொடுக்கும்போதே சொல்லிவிடுவோம். சாமி அறை அங்கேதான் இருக்கிறது, பெரியவர்கள் விளக்கேற்றுகிற இடம். சொன்னால் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். கார்க்கேஜ் என்று எதுவும் வாங்குவதில்லை. உரிமம் இல்லாத இடத்தில் மதுவின் பேரில் காசு வாங்குவது எங்களுக்குத்தான் ஆபத்து.

ஒயினுக்காகச் செலவைக் குறைக்க நினைக்கிறவர்கள் இப்படிப்பட்ட வீடுகளையும் யோசிக்கலாம். ஆனால் போன் செய்து கேட்காமல் வராதீர்கள். சில வீடுகளில் மது அறவே கூடாது, அது அவர்கள் உரிமை.

மாட்டுத்தாவணி_டு_மெல்பர்ன்

வெளிநாட்டு ஒயின் ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு: இறக்குமதி ஒயினுக்குப் பொதுவாக 150 சதவீதம் சுங்க வரி. அதற்கு மேல் மாநில வரி, அதற்கு மேல் விடுதி விலை. ஆஸ்திரேலிய ஒயினுக்கு 2022 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்த இந்தியா-ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தத்தால் வரி குறைந்துவருகிறது. பாட்டில் இறக்குமதி விலை 5 அமெரிக்க டாலருக்கு மேல் இருந்தால் 150-இலிருந்து 100 ஆனது, பத்து ஆண்டில் 50-க்கு இறங்கும். 15 டாலருக்கு மேற்பட்டதற்கு 75-இல் தொடங்கி 25-க்கு வரும். 5 டாலருக்குக் கீழே சலுகையே இல்லை. அதனால் சாதாரண ஒயினில் இந்தக் குறைப்பு இன்னும் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. ரிசார்ட்டில் 6,500 கொடுத்து வாங்குகிற வெளிநாட்டு பாட்டில் அது விளைந்த ஊரில் சாதாரணமாகச் சாப்பாட்டு மேசையில் இருக்கிற ஒயினாகத்தான் இருக்கும். அந்தக் காசுக்கு இந்திய நிறுவனங்களின் நல்ல பாட்டிலே கிடைக்கும்.

கொழும்பு, துபாய், சிங்கப்பூரிலிருந்து மதுரைக்கு வருகிற உறவினர் இருந்தால் ஒரு வழி உண்டு. ஒருவர் 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லாமல் எடுத்து வரலாம், அதாவது இரண்டு 750 மி.லி. பாட்டில். நான் ஊருக்கு வரும்போது அக்காவுக்கு இப்படித்தான் எடுத்து வருகிறேன். ரசீதைப் பாட்டிலோடு வைத்திருங்கள்.

ஆனையூர்_செல்வம்

எல்லோரும் ஒன்றைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மீனா அம்மா தங்கப்போவது அக்டோபர் 1, 2. இரண்டாம் தேதி காந்தி ஜெயந்தி, உலர் தினம். அன்றைக்கு டாஸ்மாக் மட்டும் இல்லை, எஃப்.எல்.3 உரிமம் உள்ள விடுதி பாரும் மூடியிருக்க வேண்டும். முதல் நாள் திறந்து ஃபிரிட்ஜில் வைத்த பாட்டிலைக்கூட அன்று பாரிலிருந்து எடுத்து வந்து பரிமாற மாட்டார்கள். அறை பேசும்போது ரிசார்ட்காரர்கள் இதைத் தாங்களாகச் சொல்வதும் இல்லை.

தெப்பக்குளம்_மீனா

ஐயோ, நல்லவேளை சொன்னீர்கள் சார். திருமண நாள் 2ஆம் தேதிதான்! அன்றைக்குத்தான் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று இருந்தோம். அவரிடம் பேசிவிட்டு வருகிறேன்.

பழைய_பார்_மேலாளர்

செல்வம் சார், நானே சொல்லியிருக்க வேண்டிய விஷயம், எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. மற்றவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாளான தைப்பூசம், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாடி நபி, காந்தி ஜெயந்தி. இவை மாநிலம் முழுவதற்கும். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் மூடல்தான். நம் பக்கத்துக்கென்று தனியாக அக்டோபர் கடைசியில் தேவர் ஜெயந்தியை ஒட்டி மாவட்ட ஆட்சியர் உத்தரவில் கடைகளை மூடுவதுண்டு. சித்திரைத் திருவிழா நேரத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது. அழகர் வருகிற பாதையில் அறை போட்டிருந்தால் அன்றைக்குக் கார் உள்ளே போகுமா என்பதே கேள்வி.

மீனா, தேதியை மாற்றிக் கேட்டால் விடுமுறைக்குப் பிறகு வருகிற நாட்களில் அறை வாடகையும் குறையலாம். கேக், கட்டிலில் பூ அலங்காரம் என்று ஒரு தொகுப்பு வைத்திருப்பார்களே, அது வேண்டாம், அதற்குப் பதில் ஒயின் பாட்டிலில் குறைத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். மேலாளர் கையில் அந்த அதிகாரம் இருக்கும்.

கோச்சடை_ரவி

அண்ணே, இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் பையில் வைத்துக்கொண்டு போகச் சொன்னேன், இனிமேல் கேட்டுவிட்டே போகிறேன். அழகர்கோவில் சாலையில் இரவில் வண்டியில் திரும்புகிறவர்கள் கவனம். ஒரு கிளாஸ்தானே என்று ஓட்டாதீர்கள். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கிராமுக்கு மேல் இருந்தாலே வழக்கு, முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம்.

தெப்பக்குளம்_மீனா

எல்லோருக்கும் நன்றி. ரிசார்ட்டுக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசினேன். தேதியை 3, 4 இரவுகளுக்கு மாற்றிவிட்டார்கள், கூடுதல் பணம் கேட்கவில்லை. திருமண நாள் அன்று வீட்டிலேயே அத்தை கையால் பாயசம், மறுநாள் ரிசார்ட்.

கிளாஸ் அளவு கேட்டேன். 120 மி.லி. தானாம். வாட்ஸ்அப் கார்டில் இல்லாத செனின் பிளாங்க் ஒன்று 2,600-க்கு இருக்கிறது என்று அவர்களாகவே சொன்னார்கள். கேக் வேண்டாம் என்றதும் அதில் 300 ரூபாய் குறைத்துக்கொண்டார்கள். மீதியை அறை எண் எழுதி வைப்பார்களாம். வெளியிலிருந்து எடுத்து வந்தால் அறைக்குள் அனுமதி உண்டு, ரெஸ்டாரண்டில் திறந்தால் பாட்டிலுக்கு 800. அதனால் ரிசார்ட்டின் செனின் பிளாங்க்கையே இரண்டு இரவுக்கும் வைத்துக்கொள்வதாக முடிவு செய்துவிட்டோம், வரி சேர்த்தாலும் நினைத்த தொகைக்குள் வருகிறது. அவருக்காக எலைட் கடையில் ஒரு சின்ன பாட்டில் ஷிராஸ் கிடைத்தால் மட்டும் வாங்கி, அறையில் மட்டன் சுக்காவோடு. அதைத் திறக்கக் கார்க் திருகி நான் வாங்க வேண்டுமா?

பழைய_பார்_மேலாளர்

வேண்டாம் தாயி. இந்திய ஒயினில் திருகு மூடி போட்டதே நிறைய வருகிறது, கையாலேயே திறக்கலாம். கார்க் போட்டதாக இருந்தால் ரூம் சர்வீஸில் கேளுங்கள், வந்து திறந்துகொடுப்பார்கள். ஒயின் கிளாஸ் இரண்டும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், குளியலறையில் வைத்திருக்கிற தம்ளரில் ஊற்றிவிடாதீர்கள். 2,600 பாட்டிலை மேசையில் திறப்பதற்கு முன்னால் லேபிளில் ஆண்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு மேல் பழசாக இருந்தால் வேறு பாட்டில் கேளுங்கள்.